அமானிதம்

திருச்சி விமான நிலையத்தில் உயிரோடு வருகிறவர்கள் ஒரு வாசல் வழியாக வருவார்கள். இறந்து வருகிறவர்கள் சரக்கு வருகிற பக்கமாக வருவார்கள். அங்கே அவர்களுக்கும் எடை உண்டு, ரசீது உண்டு, கேட் பாஸ் உண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், "கார்கோ வந்திருச்சு, வந்து எடுத்துக்கங்க" என்று கூப்பிட்டால் பாய் நகர மாட்டார். "ஆளு வந்திருக்காருன்னு சொல்லுங்க" என்பார். ஜன்னல்காரர் அப்படிச் சொல்லும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். கூடப் போன சொந்தக்காரர்களுக்கே எரிச்சலாக இருக்கும்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. 'பெட்டி பாய்' என்பார்கள், அவர் காதுக்கு எட்டாமல். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். வளைகுடாவில் பல வருடம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, அறந்தாங்கியில் விமான டிக்கெட் போடுகிற சின்னக் கடை வைத்திருந்தார். கனத்த உடம்பு, உரத்த குரல். சர்க்கரை இருந்தும் சட்டைப் பையில் தேன்மிட்டாய் பொட்டலம் வைத்திருப்பார். அதற்காக அவர் மனைவி அவரோடு சண்டை போடாத நாளில்லை.

வெளிநாட்டில் யாராவது இறந்துபோனால், எந்த சாதி, எந்த மதமாக இருந்தாலும் அந்த வீட்டு ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். தூதரகத்துச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, பெட்டியை மூடி முத்திரை வைத்த சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் என்று எது எங்கே சிக்கியிருக்கிறது என்பதை இரண்டு போனில் கண்டுபிடித்துவிடுவார். கல்யாண வீட்டுக்கு மட்டும் யாரும் அவரை அழைப்பதில்லை. காலையில் அவர் எதிரே வந்தால் மகனை வெளிநாடு அனுப்பியிருக்கிற பெண்கள் சட்டென்று வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவருக்கும் அது தெரியும். தெருவில் நுழைந்ததும், "நான் சும்மாதான் வந்தேன், சும்மாதான் வந்தேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பார்.

இறந்த உடலுக்கு முஸ்லிம்கள் வழக்கில் மையத்து என்று பெயர். பாய் அதை அமானிதம் என்பார். ஒருவர் நம்பி நம் கையில் கொடுத்துவைக்கிற பொருளுக்கு அவர்கள் வழக்கில் அந்தப் பெயர். உரியவர்கள் கையில் சேர்க்கும்வரை அதை விட்டு விலகக் கூடாது என்பது அவர் கணக்கு. திருச்சியிலிருந்து வருகிற வழியில் வேன்காரர் கீரனூரில் டீக்கு நிறுத்துவார். எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பாய் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "இம்புட்டுத் தூரம் ஒத்தையா வந்தவரு, ஊருக்குக் கிட்ட வந்தப்பறமும் ஒத்தையா விடச் சொல்றீங்களா?" என்பார்.

சட்டத்தின் மேல் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவன் மலேசியாவில் இறந்து வந்தான். கோயில் இருக்கிற தெரு வழியாகப் பெட்டி போகக் கூடாது, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள் என்று சிலர் வேனை மறித்தார்கள். மழைக்காலம். வயலில் முழங்கால் அளவு சேறு. பாய் வேனை விட்டு இறங்கி நடுரோட்டில் நின்றுகொண்டார்.

"செத்தவனுக்கு ஓட்டு கெடையாது, வாய் கெடையாது. ஆனா சட்டம் இருக்கு. மானமா வாழ மட்டும் உரிமைன்னு நெனைக்காதீங்க, மானமா அடங்கவும் உரிமைதான். மையத்த அவமானப்படுத்துனா கேஸு. பழைய சட்டத்துல எரநூத்தித் தொண்ணூத்தேழு. யாரு வாரீங்க ஜெயிலுக்கு?"

இன்ஸ்பெக்டர் வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வேன் கடைசியில் அந்தத் தெரு வழியாகத்தான் போனது. புதுச் சட்டம் வந்தபோது முதல் வேலையாக அந்தப் பிரிவுக்கு இப்போது என்ன எண் என்று ஒரு வக்கீலிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டார். முந்நூற்றி ஒன்று.

அதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று இருந்தது. யாராவது ஒருவர் முகத்தைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் அவர் வீட்டில் ஒப்படைக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. என் அக்கா அவரை வெறுத்ததும் அதனால்தான்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். அக்காவைக் கட்டிய மச்சான் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். வெயில் கடுமையாக இருந்த ஒரு மத்தியானம் சாரத்திலிருந்து இறங்கி வந்து, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் சரிந்துவிட்டார் என்று கூட வேலை பார்த்தவர் போன் பண்ணினார். உடல் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒரு மாதமும் பாய் தினமும் அக்காவுக்குப் போன் பண்ணுவார். "இன்னைக்கு ஒரு கையெழுத்து ஆயிருச்சு தாயி" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அக்கா காலையிலிருந்து காத்திருப்பாள்.

பெட்டி வீட்டுக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டுப் பாடையும் கட்டியிருந்தோம். அக்காவை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெரியப்பா, "தொறக்க வேணாம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மொகம் எப்படி இருக்குமோ. பிள்ளைக பயந்துக்கும். அப்படியே கொண்டுபோயிருவோம்" என்றார். கூடியிருந்த எல்லோருக்கும் அது சரி என்றுதான் பட்டது.

"ஒரு ஆளாவது பாக்கணும்ங்க" என்றார் பாய். "பொம்பளைக வேணாம், பிள்ளைக வேணாம். நீங்க பாருங்க, இந்தத் தம்பி பாக்கட்டும். பாத்துட்டு மூடிருவோம்."

"செத்தவன் மொகத்தப் பாத்து என்ன பாய் ஆகப்போகுது?"

"இன்னாருதான்னு நாம சொல்லணும்ல. அவரால சொல்ல முடியாதுல்ல."

மறைப்புக்கு வேட்டி பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து உள்தகரத்தை வெட்டினோம். மருந்து வாடை முகத்தில் அடித்தது. முகம் கறுத்து உப்பியிருந்தது. சாவு ஆளை இப்படி மாற்றிவிடும் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மச்சானின் மூக்கை, மச்சானின் நெற்றியை அந்த முகத்தில் தேடினேன். பாய் மெல்லத் துணியை விலக்கி வலது கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. எழுத்து தெலுங்கு. மச்சான் உடம்பில் பச்சையே கிடையாது.

பாய் துணியை மூடி, அந்த மனிதரின் நெஞ்சின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "பாய், காதும் காதும் வச்ச மாதிரி மூடிருங்க. இதையே கொண்டுபோயி எரிச்சிருவோம். அந்தப் பிள்ள அழுது முடிச்சிட்டு எந்திரிச்சிரும். இனிமே எங்க போயித் தேட?" என்றார்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் சொன்னதில் இருந்த கருணை எனக்கும் புரிந்தது.

"இவருக்கும் ஒரு ஆத்தா இருப்பாங்கள்ல" என்றார் பாய். "நாளைக்கு அவங்க வந்து கேட்டா எதக் குடுப்பீங்க? அடுத்தவங்க வீட்டு மையத்த எடுத்து எரிக்க நமக்கு உரிமை இல்லைங்க. சட்டத்துலயும் இல்ல, சட்டம் இல்லாட்டியும் இல்ல."

அக்காவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பாய்தான் போனார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "தாயி, வந்திருக்கிறது ஒம் மாப்பிள்ளை இல்ல. வேற ஆளு" என்றார்.

அக்கா அவரை வெறிக்கப் பார்த்தாள். பிடித்திருந்த பெண்களின் கைகளை உதறிவிட்டு எழுந்தாள். "அப்ப அவுக சாகலையா?" என்றாள்.

பாய் தரையிலிருந்து எழுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போன அக்கா முகம் கழுவி, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பாடையைப் பிரித்துப்போடச் சொன்னாள். யாரும் அசையாததால் தானே மூங்கிலை உருவி எறிந்தாள்.

அந்தப் பெட்டி வாசல் ஓரத்தில் வெயிலில் கிடந்தது. அழ வந்த கூட்டம் இப்போது அதைப் பார்த்து முகம் சுளித்தது. யார் வீட்டுப் பிணமோ, இங்கே எதற்கு, வேனில் ஏற்றுங்கள் என்று சத்தம் கிளம்பியது. பாய் பந்தலிலிருந்து ஒரு தென்னங்கீற்றை எடுத்துவந்து பெட்டிக்கு நிழலாகச் சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். போலீசும் தாசில்தாரும் வந்து எழுதி முடித்து, பெட்டி புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகும்வரை அங்கிட்டு இங்கிட்டு நகரவில்லை. பிறகும் தினமும் பஸ் ஏறிப்போய்ப் பிணவறைக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன். "அவருக்கு இந்த ஊருல யாரத் தெரியும் தம்பி? அதான்" என்றார்.

அந்த நாட்களில் அக்கா சந்தோஷமாக இருந்தாள். மச்சானின் எண்ணுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டேயிருந்தாள். ஒரு நாள் ஓடிவந்து, "டேய், ரிங்கு போகுதுடா" என்றாள். கம்பெனிக்காரர்கள் யாரிடமாவது அந்தப் போன் இருந்திருக்கும். பிள்ளைகளிடம், "அப்பா ஏதோ ஆஸ்பத்திரியில நெனவில்லாம இருக்காரு, முழிச்சதும் பேசுவாரு" என்று சொல்லித் தூங்கவைத்தாள். மச்சானுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நாங்கள் அதைச் சாப்பிட்டோம்.

பிறகு செய்தி வந்தது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு இந்தியர்களுக்குச் சீட்டு மாறியிருக்கிறது. மச்சான் உடம்பு தெலுங்கானாவில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தது. அவர்கள் பெட்டியைத் திறக்கவில்லை. வந்த அன்றைக்கே எரித்துவிட்டார்கள். கையில் குத்தியிருந்த பச்சையின் படத்தை அனுப்பியதும் அங்கே அடையாளம் சொல்லிவிட்டார்கள்.

அதையும் பாய்தான் வந்து சொன்னார். அக்கா அழவில்லை. கத்தவுமில்லை.

"எதுக்குத் தொறந்தீங்க?" என்று கேட்டாள். "அன்னைக்கு மூடிக் கொண்டுபோயிருந்தா அழுது தீத்திருப்பேன்ல. ஒரு சுடுகாடாவது இருந்திருக்கும்ல. அவுகள எனக்கு ரெண்டு தடவ சாகடிச்சிட்டீங்களே பாய்."

பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தத் தெலுங்கானா மனிதரை அவர் ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்ததும் குளிர்ப்பெட்டி வண்டியில் பாய் கிளம்பினார். மச்சானை எரித்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன். நீண்ட பயணம். வழியில் ஓரிடத்தில், நான் தூங்குகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நான் செஞ்சது சரிதானா தம்பி?" என்று கேட்டார். நான் கண்ணை மூடியபடியே இருந்தேன்.

அந்த ஊரில் களமெங்கும் மஞ்சள் காயப்போட்டிருந்தார்கள். வண்டி நின்றதும் ஒரு பெரியவர் வந்தார். காரியத்துக்காக மழித்த தலையில் வெள்ளை முடி அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. ஒருமுறை மகனை எரித்து, கருமாதி முடித்து, மஞ்சள் வேலைக்கும் திரும்பிவிட்ட மனிதர். பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெரியவர் குனிந்து பார்த்தார். பச்சை குத்திய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவியை அழைத்து வந்தார்கள். முதல் தடவை அழுது அழுது அந்த அம்மாவுக்குக் குரலே போயிருந்தது. வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பாடையைத் தூக்கும்போது பெரியவர் என்னைப் பார்த்துக் கைகாட்டினார். நானும் தோள் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்தபிறகு அவர் எங்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கறுத்த தரையைக் காட்டினார். சாம்பல் இல்லை. கோதாவரியில் கரைத்தாகிவிட்டது. அவர் தெலுங்கும் இந்தியும் கலந்து என்னிடம் நெடுநேரம் பேசினார். பேசப்பேசக் கையைக் கும்பிட்டார். வளைகுடாவில் பழகிய இந்தியை வைத்துக்கொண்டு பாய் எனக்குச் சொன்னார்.

"மொகத்தப் பாக்க விடலையாம் ஊர்ப் பெரியவங்க. அது தப்புதாங்கிறாரு. ஆனா ஒரு கொறையும் வைக்கலையாம். மகனுக்குன்னு நெனச்சுத்தான் எல்லாம் செஞ்சாராம். குளிப்பாட்ட முடியலைன்னு பெட்டி மேல தண்ணி ஊத்துனாராம். அவரே கொள்ளி வச்சாராம்."

நான் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். மச்சானை என்ன சொல்லி அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது பாயைக் காணவில்லை. தேடிப்போனேன். அவர் அந்த ஊர்ப் பெண்கள் நடுவில் நின்று, சைகையும் இந்தியுமாக எதையோ துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அவர் குரலைக் கேட்டதும் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூப்பிட்டேன், பெரியப்பா கூப்பிட்டார். வரவில்லை. பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். சாத்திய கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி எந்த நேரத்துக்கு அந்த ஊருக்குப் போனது, எத்தனை பேர் வந்திருந்தார்கள், மாலை என்ன பூ, யார் யார் தோள் கொடுத்தார்கள், எந்தப் பக்கம் தலை இருக்கும்படி பெட்டியை வைத்தார்கள், என்ன விறகு, கொள்ளி வைத்தவர் வீடு திரும்பாமல் விடியும்வரை ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருந்தது, கரைக்கப்போனபோது ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. நான் பார்த்ததைவிட அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அக்கா கேட்கிறாளா, தூங்கிவிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

"இம்புட்டுத்தான் தாயி. நான் கேட்டுட்டு வந்தது இம்புட்டுத்தான்" என்று முடித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம், தரைக்குப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. இவ்வளவு நேரமும் அவள் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"பொம்பளைக அழுதாகளா?"

"அழுதாங்க தாயி. ஊரே அழுதுச்சாம்."

"யாரு பேரச் சொல்லி அழுதாக?"

பெரியப்பா பாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு சொல், ஒரே ஒரு பொய்ச் சொல் சொன்னால் போதும். பெரியப்பா வாயசைத்து மச்சானின் பெயரைச் சொல்லியும் காட்டினார். பாய் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"அவங்க மகன் பேரச் சொல்லித்தான் தாயி" என்றார். "ஒம் மாப்பிள்ள பேரு அங்க யாருக்கும் தெரியாதும்மா."

புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அக்கா என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்வேன். அந்த அக்கா, சாத்திய கதவுக்குப் பின்னால், மச்சானின் பெயரைச் சொன்னாள். முதலில் மெதுவாக. பிறகு ஊரே கேட்கும்படி. ஒவ்வொரு தடவையும் பெயரை முழுசாகச் சொல்லி, தரையில் அறைந்து அறைந்து அழுதாள். பெட்டி மாறிய செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்க்கவில்லை.

நான் கதவைத் தள்ளப்போனேன். பாய் கையை நீட்டி என்னைத் தடுத்தார். தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல், அவள் அழுது ஓயும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.